பாஸ்கர்வில்: கண்ணைக் கெடுக்கும் என்று பழிக்கப்பட்ட எழுத்து

உங்கள் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் இருந்தால் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'பாஸ்கர்வில் ஓல்டு ஃபேஸ்' என்று ஒன்று அநேகமாக இருக்கும். ஆங்கிலத்தில் அழைப்பிதழோ சான்றிதழோ அடிக்கும்போது கொஞ்சம் பழைய களை வரட்டுமே என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறையப் பேர். வேடிக்கை என்னவென்றால் அது பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் செய்த எழுத்தே இல்லை. அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, அவருடைய எழுத்தைப் பார்த்து ஈய அச்செழுத்து செய்து விற்கும் ஃபிரை என்ற போட்டி வார்ப்பகத்துக்காக ஐசக் மூர் என்பவர் வெட்டிய சாயல் அது. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சாயலைத் தூசு தட்டி எடுத்தவர்கள் பாஸ்கர்வில்லின் பெயரை ஒட்டி விற்றார்கள், இன்றும் அந்தப் பெயரில்தான் புழங்குகிறது.

சரி, அசலைத் தேடலாம் என்று போனால் அங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஒரு பழைய எழுத்துருவை மீட்கிறோம் என்றால் எதை மீட்கிறோம்? எஃகில் வெட்டிய வடிவத்தையா, தாளில் மை படிந்த பிறகு கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தையா? வேறு பல எழுத்துகளில் இந்த வித்தியாசம் பெரிதாக உறுத்தாது. பாஸ்கர்வில்லில் உறுத்தும், ஏனென்றால் அவர் எழுத்தை மட்டும் செய்யவில்லை, அது உட்காரும் தாளையும் மையையும் அழுத்தும் எந்திரத்தையும் சேர்த்தே செய்தவர். பின்னால் வந்த ஒவ்வொருவரும் அந்த மொத்தத்திலிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுத்துப் போனார்கள், மிச்சத்தைத் தங்கள் காலத்துக்கு ஏற்ப ஊகித்துக்கொண்டார்கள். இந்த எழுத்தின் இருநூற்றைம்பது வருடச் சண்டை முழுவதும் அந்த ஊகத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஆளைப் பற்றி முதலில். இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் பகுதியில் உல்வர்லி என்ற கிராமத்தில் பிறந்தவர், 1707 ஜனவரி என்பது இன்றைய கணக்கு, அன்றைய பழைய நாட்காட்டிப்படி 1706. பர்மிங்ஹாமுக்கு வந்து கையெழுத்து கற்றுக்கொடுக்கும் வாத்தியாராகவும், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுபவராகவும் பிழைத்தார். விளம்பரத்துக்காக அவர் வெட்டி வைத்த ஒரு சிறு பலகைக் கல் இன்னும் பர்மிங்ஹாம் நூலகத்தில் இருக்கிறது, நீங்கள் கேட்கும் எந்த எழுத்து வகையிலும் கல் வெட்டித் தரப்படும் என்று பல பாணிகளில் எழுதிக் காட்டியிருக்கிறார். பின்னால் அச்செழுத்து செய்யப்போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருந்திருக்க முடியாது. ஆனால் பணம் வந்தது எழுத்தால் இல்லை. தகரத் தட்டு, பெட்டி போன்ற சாமான்களுக்குக் கறுத்த பளபளப்பான வார்னிஷ் பூசும் 'ஜப்பானிங்' தொழிலில் இறங்கி, 1742-இல் காப்புரிமையும் வாங்கி, ஊருக்கு வெளியே ஈஸி ஹில் என்று பெயர் வைத்து ஒரு மாளிகை கட்டும் அளவுக்குச் சம்பாதித்தார். அச்சுத்தொழிலுக்கு வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கை நிறையக் காசு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இந்த மாதிரி ஆட்களிடமிருந்துதான் இந்த மாதிரி பிடிவாதமான வேலை வரும்.

1750 வாக்கில் தொடங்கினார், முதல் புத்தகம் வெளிவந்தது 1757-இல். ஏழு வருடம். எஃகுத் தண்டின் முனையில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி வெட்டுவதுதான் தொழிலின் அடிப்படை, அதைப் பஞ்ச் என்பார்கள். அந்தப் பஞ்சைச் செம்பில் அடித்தால் குழிவான அச்சு கிடைக்கும், அதில் ஈயக் கலவையை ஊற்றினால் அச்சுக்கோப்பவர் கையில் எடுக்கும் எழுத்து. பாஸ்கர்வில் வரைந்தார், வெட்டியவர் ஜான் ஹேண்டி என்ற கைவினைஞர். எழுத்துக்கு ஒட்டியதோ பாஸ்கர்வில்லின் பெயர் மட்டும்தான், அது இந்தத் தொழிலின் பழைய வழக்கம்.

வெட்டிய எழுத்து எப்படி இருந்தது? அன்று இங்கிலாந்தில் புத்தகம் என்றால் வில்லியம் காஸ்லனின் எழுத்துதான். அது உருண்டு திரண்ட எழுத்து, கொஞ்சம் கோணலும் மாணலுமாக, வாசிக்க இதமாக இருக்கும். பாஸ்கர்வில் அதைப் பார்த்துவிட்டுத் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினார். வட்ட எழுத்துகளின் சாய்வை நிமிர்த்தி ஏறக்குறைய நேராக நிறுத்தினார், செரிஃப் என்று சொல்லும் அந்தச் சின்னச் சின்ன முனைப் பாதங்களைக் கூராக்கினார். அவருடைய வாத்தியார் கை எங்கே தெரிகிறது என்றால், பெரிய எழுத்துக் கியூவின் வாலில், அது தூரிகையால் சுழற்றியது போல அடுத்த எழுத்துக்குக் கீழே வரை நீளும். சின்ன எழுத்து ஜீயின் கீழ்க் கண்ணி முழுதாக மூடாமல் திறந்தே இருக்கும், எழுத்துரு தெரிந்தவர்கள் பாஸ்கர்வில்லை அடையாளம் காண முதலில் பார்ப்பது அதைத்தான்.

இவ்வளவு மெல்லிய கோடு வெட்டினால் மட்டும் போதாது, அது தாளில் விழ வேண்டுமே. நம் ஊரில் பழைய ட்ரெடில் மெஷினில் அடித்த நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஈய எழுத்து தாளில் அமுங்கும், மை ஓரங்களில் பிதுங்கி எழுத்தைக் கொஞ்சம் தடிக்க வைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தாள் இன்னும் முரடு. கம்பிவலையின் வரிகள் அதில் மேடும் பள்ளமுமாகத் தெரியும், அச்சடிக்கும் முன்பு ஈரப்படுத்தித்தான் வைப்பார்கள். அதில் முடி போன்ற கோடு ஒன்று காணாமல் போகும் அல்லது வீங்கும். எனவே வரியில்லாத வழுவழுப்பான புதுவகைத் தாளை முதல் புத்தகத்தின் ஒரு பகுதிக்கு வாங்கினார், ஜேம்ஸ் வாட்மன் ஆலைத் தாள் அது. மையைச் சொந்தமாகக் காய்ச்சினார், வார்னிஷ் வியாபாரிக்கு அது கைவந்த கலை. அச்சு எந்திரத்தின் அழுத்தும் தளத்தைத் துல்லியமாக்கினார். கடைசியாக, அடித்து முடித்த தாள்களைச் சூடான செம்புத் தகடுகளுக்கிடையே கொடுத்து இஸ்திரி போட்டது போல எடுத்தார். ஈரத்தில் எழும்பிய மேடுகளெல்லாம் படிந்து பக்கம் மினுங்கியது.

வர்ஜில் என்ற ரோமானியக் கவியின் படைப்புகள்தான் அந்த 1757 புத்தகம். விலை ஒரு கினி, அன்றைய ஆங்கிலத் தங்க நாணயம். அலங்காரப் பூ, கொடி, சட்டம் எதுவும் கிடையாது, அகலமான ஓரம், தாராளமான வரி இடைவெளி, முகப்புப் பக்கத்தில் எழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. இன்றைக்கு நாம் 'நீட்டான டிசைன்' என்று சாதாரணமாகச் சொல்லும் விஷயம், அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அம்மணமாகத் தெரிந்திருக்கும்.

லண்டன் அச்சுத்தொழில்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வார்னிஷ் வியாபாரிக்கு இங்கே என்ன வேலை என்ற எரிச்சல் ஒருபக்கம், எழுத்து மிகவும் மெல்லிசு, தாள் பளபளக்கிறது, கண் வலிக்கிறது என்ற புகார் இன்னொருபக்கம். இந்தப் புகாரை வைத்து பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு விளையாட்டு காட்டினார், அதை அவரே பாஸ்கர்வில்லுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்த ஒரு கனவான், இந்த எழுத்தால் நாட்டின் வாசகர்கள் அத்தனை பேரும் குருடாகப்போகிறார்கள், என்னால் ஒரு வரிகூட வலியில்லாமல் படிக்க முடியவில்லை என்று குறைபட்டிருக்கிறார். தாளின் பளபளப்பைத்தான் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன் என்றாராம் ஃபிராங்க்ளின். இல்லை, எழுத்துதான் என்றார் அவர். ஃபிராங்க்ளின் உள்ளே போய், காஸ்லனின் எழுத்து மாதிரித் தாள் ஒன்றை எடுத்து, மேலே பெயர் இருந்த பகுதியைக் கிழித்துவிட்டு, பர்மிங்ஹாமிலிருந்து கொண்டுவந்த பாஸ்கர்வில் மாதிரி என்று சொல்லி நீட்டினார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, குறையை நீங்கள் காட்டுங்கள் என்றார். அந்த மனிதர் எழுத்து எழுத்தாகக் குறை காட்டியதோடு, இதைப் படிக்கும்போதே கண் வலிக்கிறது என்றும் சொன்னாராம். வாழ்நாள் முழுக்க அவர் சிரமமில்லாமல் படித்துவந்த எழுத்தே அதுதான் என்று சொல்லி அவமானப்படுத்த மனம் வராமல் ஃபிராங்க்ளின் விட்டுவிட்டார்.

எழுத்துருக்காரர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கதை சொல்லப்படும், எதிர்ப்பெல்லாம் வெறும் பொறாமை என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அந்தக் கனவான் ஏமாந்தார் என்பது உண்மை, ஆனால் அதனாலேயே மெல்லிய கோடு ஒரு பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது. பாஸ்கர்வில்லின் சொந்தத் தாளிலும் சொந்த மையிலும் அது பிரச்சினை இல்லை, அவ்வளவுதான். அதே எழுத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

வியாபாரம் ஓடவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அச்சாளர்களில் ஒருவராக அனுமதி வாங்கி 1763-இல் ஒரு பெரிய பைபிள் அடித்தார், அவருடைய ஆகச்சிறந்த வேலை என்று பலர் சொல்வது அதைத்தான். 1250 பிரதிகளில் கணிசமான பகுதி தேங்கி, தள்ளுபடி விலைக்குப் போனது. மதத்தில் துளி நம்பிக்கை இல்லாத ஒரு மனிதர் அடித்த பைபிள் என்பது தனிக் கதை.

வீட்டிலும் அவர் ஊர் வழக்கப்படி இருக்கவில்லை. சாரா ஈவ்ஸ் என்ற பெண், கணவன் கைவிட்டு ஓடிப்போன பிறகு, பிள்ளைகளோடு அவர் வீட்டுக்கு நிர்வாகம் பார்க்க வந்தார், பிறகு மனைவியாகவே வாழ்ந்தார். ஓடிப்போன ரிச்சர்ட் ஈவ்ஸ் இறந்த செய்தி வந்ததும் 1764-இல் இருவரும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். 1775 ஜனவரியில் பாஸ்கர்வில் இறந்தபோது எழுத்து வார்க்கும் தொழிலை சாராதான் தொடர்ந்து நடத்தினார். பஞ்சுகளையும் அச்சுகளையும் இங்கிலாந்தில் வாங்க ஆளில்லாமல், 1779-இல் பிரான்சுக்கு விற்றவரும் அவர்தான்.

வாங்கியவர் போமார்ஷே. நாடக ஆசிரியர், கடிகாரம் செய்பவர், அமெரிக்கப் புரட்சிக்கு ஆயுதம் அனுப்பியவர் என்று பல வேஷம் போட்ட ஆள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரின் எழுத்துகள் முழுவதையும் அச்சிட வேண்டும் என்று கிளம்பியிருந்தார், பிரான்சுக்குள் அது தடை, எனவே ரைன் ஆற்றைத் தாண்டி ஸ்ட்ராஸ்பர்க்குக்கு எதிர்க்கரையில் கேல் என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் அச்சகம் வைத்தார். பாஸ்கர்வில் எழுத்துக்காக 3700 பவுண்டு கொடுத்தார், தாளுக்காக ஆலைகளையும் வாங்கினார். ஆக மதகுருமாரை வெறுத்த ஒருவரின் எழுத்து, மதகுருமாரை வெறுத்த இன்னொருவரின் எழுத்தை அச்சிடப் போனது, பாஸ்கர்வில்லிடம் கேட்டிருந்தால் இதைவிட நல்ல இடத்தை அவரே சொல்லியிருக்க மாட்டார். போமார்ஷே அதில் பெரும் நஷ்டம் அடைந்தார். எழுத்துகள் பின்பு பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தின் 'மோனித்தர்' செய்தித்தாளுக்குப் பயன்பட்டன, பிறகு வார்ப்பகம் வார்ப்பகமாகக் கைமாறின. இங்கிலாந்து பாஸ்கர்வில்லை ஏறக்குறைய மறந்தே போனது. மாறாக ஐரோப்பாவில் இத்தாலியின் பொதோனியும் பிரான்சின் தீதோ குடும்பமும் அவர் காட்டிய வழியில் இன்னும் முன்னே போய், மெல்லிய கோட்டை நூலிழையாகவே ஆக்கிவிட்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் பாஸ்கர்வில் இன்று மிதவாதியாகத் தெரிகிறார்.

பாஸ்கர்வில்லுடைய உடலின் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. புனிதப்படுத்தப்படாத நிலத்தில், தன் சொந்தத் தோட்டத்தில், கூம்பு வடிவக் கட்டடத்தின் கீழே புதைக்கச் சொல்லி உயில் எழுதியிருந்தார், மூடநம்பிக்கையிலிருந்து விடுபடுங்கள் என்று வழிப்போக்கர்களுக்குச் சொல்லும் கல்லறை வாசகத்தையும் தானே எழுதி வைத்தார். 1791 கலவரத்தில் வீடு எரிந்தது. பிறகு அந்த இடத்தில் கால்வாய்ப் படகுத்துறை வந்தது, 1821-இல் வேலையாட்கள் தோண்டும்போது ஈயச் சவப்பெட்டி கிடைத்தது. அதைக் கிடங்கில் போட்டு வைத்தார்கள், பிறகு ஒரு பிளம்பர் கடையில் வைத்தார்கள், ஊர் மக்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் யாரோ ஒருவருடைய குடும்ப நிலவறையில், ஒரு தேவாலயத்துக்கு அடியில், சத்தமில்லாமல் வைத்து மூடினார்கள். அந்தத் தேவாலயமும் 1890-களின் இறுதியில் இடிக்கப்பட, இப்போது இருப்பது வார்ஸ்டோன் லேன் கல்லறையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் புனித நிலத்தில்.

மீட்பு 1917-இல் தொடங்கியது. அமெரிக்கப் புத்தக வடிவமைப்பாளர் புரூஸ் ரோஜர்ஸ் கேம்பிரிட்ஜுக்கு வந்திருந்தபோது, ஒரு புத்தகக் கடையில் பாரிஸ் வார்ப்பகம் ஒன்றின் எழுத்து மாதிரி கண்ணில் பட்டது. பார்த்த மாத்திரத்தில் இது பாஸ்கர்வில் என்று பிடித்துவிட்டார். அவர் சொல்லித்தான் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்த மூல அச்சுகளில் வார்த்த எழுத்தை வாங்கியது. அதாவது நூற்று நாற்பது வருடமாக எழுத்து எங்கும் தொலைந்து போகவில்லை, பிரான்சில் விலைப்பட்டியலில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது, பார்த்து அடையாளம் சொல்ல ஒரு ஜோடிக் கண்தான் இல்லை.

மக்கள் கைக்கு வந்தது 1923-இல், ஈய எழுத்தை வார்த்துக் கோக்கும் எந்திரம் செய்த இங்கிலாந்தின் மோனோடைப் கம்பெனி வழியாக. அதன் ஆலோசகர் ஸ்டான்லி மோரிசன் காலத்தில் நடந்த பழைய எழுத்து மீட்புகளில் இதுவும் ஒன்று. இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன சிக்கல் வருகிறது. மோனோடைப்காரர்கள் பஞ்சைப் பார்த்து வரையவில்லை, பாஸ்கர்வில் 1772-இல் அச்சிட்ட, டெரன்ஸ் என்ற ரோமானிய நாடகாசிரியரின் நாடகங்களின் பக்கத்தைப் பார்த்து வரைந்தார்கள். அதுவும் ஒரே ஒரு அளவு எழுத்து, அதையே எல்லா அளவுக்கும் நீட்டிச் சுருக்கினார்கள், பாஸ்கர்வில்லோ ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக வெட்டியவர். அப்புறம் எந்திரத்தின் கட்டாயம் வேறு, மோனோடைப்பில் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் பதினெட்டுப் பங்குக் கணக்குக்குள் அடங்க வேண்டும். ஆக, கோணல்களைச் சீர்செய்து, ஒழுங்குபடுத்தி, எந்திரத்துக்கு ஏற்ற நாகரிகமான பாஸ்கர்வில் ஒன்று உருவானது. மேக் கணினியில் 'பாஸ்கர்வில்' என்று வருவது இந்த வம்சம்தான். குறை சொல்ல மாட்டேன், இருபதாம் நூற்றாண்டின் கணக்கற்ற நல்ல ஆங்கிலப் புத்தகங்கள் இதில்தான் அச்சாயின. போட்டிக் கம்பெனியான லைனோடைப்பும் தன் பங்குக்கு ஒன்று செய்தது, ஜார்ஜ் ஜோன்ஸ் மேற்பார்வையில்.

மூலப் பஞ்சுகளை 1953-இல் பாரிஸ் வார்ப்பகக்காரர் சார்ல் பென்யோ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கே அன்பளிப்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார், இப்போது அவை கேம்பிரிட்ஜ் நூலகத்தில் இருக்கின்றன.

ஈய எழுத்து போய் ஃபோட்டோ முறை அச்சுக்கோப்பு வந்தபோது அந்தக் கனவானின் புகார் மறுபடி தலைதூக்கியது. ஈய எழுத்தில் மை பிதுங்கித் தடிக்கும் என்று கணக்குப் போட்டு மெலிதாக வரைந்த கோடு, ஃபிலிமிலும் ஆஃப்செட்டிலும் பிதுங்க வழியில்லாமல் அப்படியே மெலிந்து நின்றது. பாஸ்கர்வில் மட்டும் இல்லை, பல நல்ல எழுத்துகள் இப்படி இளைத்துப் போயின, எழுபது எண்பதுகளின் ஆங்கிலப் புத்தகங்கள் சிலவற்றில் பக்கமே வெளிறித் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இதற்கு எனக்குப் பிடித்த பதில் ஸூசானா லிச்கோ 1996-இல் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் எமிக்ரே நிறுவனத்தில், கணினிக்கென்றே எழுத்து வரைந்து பெயர் வாங்கியவர். அவர் கூர்மையை ஒதுக்கிவிட்டு, மை படிந்து தடித்த பக்கத்தின் இதத்தைப் பிடித்தார். கோடுகளின் வித்தியாசத்தைக் குறைத்தார், சின்ன எழுத்துகளைக் குட்டையாக்கினார், எழுத்தும் எழுத்தும் ஒட்டிக்கொள்ளும் கூட்டெழுத்துகளை அள்ளிக் கொட்டினார். பெயர் 'மிஸஸ் ஈவ்ஸ்', சாராவுக்கு. வேர்ட்பிரஸ் தளத்தின் பெயர் இருக்கும் சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்களே, அது இந்த எழுத்துதான், எத்தனை வலைப்பதிவர்கள் தெரியாமலே தினமும் சாராவின் பெயரிலுள்ள எழுத்தைப் பார்த்திருப்பார்கள். பாஸ்கர்வில் பார்த்தால் கோபப்பட்டிருப்பார், அவர் ஏழு வருடம் பாடுபட்டு ஒழித்த மைப் பிதுக்கலை இவர் திரும்பக் கொண்டுவந்துவிட்டாரே. நீளமான கட்டுரைக்கு இது சரிவராது, எழுத்து இடைவெளி தளர்வாக இருக்கும். தலைப்புக்கும் அட்டைக்கும் அழகு. 2009-இல் 'மிஸ்டர் ஈவ்ஸ்' என்று செரிஃப் இல்லாத ஒரு துணை எழுத்தும் வந்தது, ஓடிப்போன கணவனுக்கு இவ்வளவு மரியாதை தேவைதானா என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

அர்ஜென்டினாவின் பாப்லோ இம்பல்லாரி 2012-இல் செய்த 'லிப்ரே பாஸ்கர்வில்' நேர் எதிர் வழி. இணையத்தில் வாசிப்பதற்கு, இலவசம். சின்ன எழுத்துகள் உயரம், உள்வெளி அகலம், மெல்லிய கோடு கொஞ்சம் தடிமன், ஏனென்றால் சாதாரணத் திரையில் மெல்லிய கோடு பாதிப் புள்ளியாகி மங்கிவிடும். இதுவும் அசல் இல்லை. இதன் மூலம் ஏடிஎஃப் என்ற அமெரிக்க வார்ப்பகத்தின் பதிப்பு. அதன் மூலமோ, ஆமாம், நம் ஐசக் மூர் வெட்டிய அதே சாயல்!

அதே 2012-இல்தான் திரைப்பட இயக்குநர் எரால் மாரிஸ் நியூயார்க் டைம்ஸ் இணையதளத்தில் ஒரு சோதனை நடத்தினார். ஒரே பத்தியை ஆறு எழுத்துருக்களில் மாற்றி மாற்றிக் காட்டி, இதை நம்புகிறீர்களா என்று கேட்டார். சுமார் 45,000 பேர் பதில் சொன்னார்கள், பாஸ்கர்வில்லில் படித்தவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சூண்டு அதிகமாக, ஒன்றரை சதவீத அளவில், ஒப்புக்கொண்டார்கள். உடனே 'உண்மையின் எழுத்துரு' என்று பலர் கிளம்பிவிட்டார்கள். ஒன்றரை சதவீதத்தை நம்பி உங்கள் விண்ணப்பக் கடிதத்தை மாற்றி அடிக்க வேண்டாம் என்பேன்.

நான் கிண்டிலில் ஆங்கில நாவல்களை பாஸ்கர்வில் வைத்துத்தான் படிக்கிறேன். கியூவின் வால் வரும் இடமெல்லாம் ஒரு சின்ன சந்தோஷம். ஆனால் எழுத்தின் தடிமனைக் கூட்டும் வசதி அதில் இருக்கிறது, அதை இரண்டு படி ஏற்றி வைத்திருக்கிறேன், இல்லையென்றால் அரை மணி நேரத்தில் கண் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது.